கான்கிரீட்டை உடைக்கும் கையை அளந்து பார்த்த விண்வெளி வீரர்: யார் இந்த ரொனால்ட் மெக்நேர்?

இன்ஸ்டாவை ஸ்க்ரோல் பண்ணும்போது எப்படியும் இப்படி ஒரு வீடியோ கண்ணில் படும். ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்கிறார், ஒரு கத்தல், அடுக்கி வைத்த ஓடுகள் தூள் தூள். கமெண்ட்டில் பாதிப் பேர் இதெல்லாம் செட்டப் என்கிறார்கள். மீதிப் பேர் ஏதோ உள்சக்தி என்கிறார்கள்.

இந்தப் பஞ்சாயத்தை 1970களிலேயே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் ரொனால்ட் மெக்நேர். கராத்தேயில் ஐந்தாம் நிலை பிளாக் பெல்ட். லேசர் இயற்பியலில் முனைவர். பின்னாளில் நாசாவின் விண்வெளி வீரர்.

பிறந்தது 1950 அக்டோபர் 21, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் லேக் சிட்டி என்ற சின்ன ஊர். அப்பா மெக்கானிக், அம்மா ஆசிரியை. கறுப்பினத்தவர்களை ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. 1959-ல், ஒன்பது வயதுப் பையனாக ஊர் நூலகத்துக்குப் போய் அறிவியல் புத்தகங்களைக் கேட்டார். தர மறுத்த நூலகர் போலீஸையும், பையனின் அம்மாவையும் கூப்பிட்டார். ரொனால்ட் நகரவே இல்லை. கடைசியில் புத்தகங்களோடுதான் வீடு திரும்பினார்.

வடக்கு கரோலினாவில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். அங்கே அவர் சேர்த்து வைத்திருந்த ஆய்வுத் தரவுகள் திருடுபோயின. நம்மில் பலர் லேப்டாப் கிராஷ் ஆனாலே இடிந்துபோவோம். மனுஷன் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்து, 1976-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

கை ஏன் உடையவில்லை?

தன் ஆய்வு வழிகாட்டி மைக்கேல் ஃபெல்ட், ஸ்டீஃபன் வில்க் ஆகியோருடன் சேர்ந்து மெக்நேர் எழுதிய கராத்தே இயற்பியல் கட்டுரை 1979 ஏப்ரலில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் வெளியானது. கராத்தே வீரர்களின் அடிகளை விட்டுவிட்டு ஒளிரும் விளக்கிலும் அதிவேக கேமராவிலும் படம்பிடித்து அளந்தார்கள்.

தேர்ந்த ஒருவரின் கை நொடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகம் வரை போகிறது. அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் வரை. அது கொடுக்கும் விசை 3,000 நியூட்டனுக்கும் மேல், சுமார் 300 கிலோ எடைக்குச் சமம். பைன் மரப் பலகையை உடைக்க நொடிக்கு 6.1 மீட்டர் வேகமே போதும். புதிதாகச் சேர்ந்தவர்களாலும் முடியும். கான்கிரீட் பாளத்துக்கு 10.6 மீட்டர் வேண்டும். அதற்குப் பல வருடப் பயிற்சி தேவை. கை முழுசாக நீண்டு முடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அதன் வேகம் உச்சத்தில் இருக்கிறது. அதனால்தான் பலகையைப் பார்த்துக் குத்தாமல், அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு புள்ளியைக் குறிவைக்கச் சொல்கிறார்கள் மாஸ்டர்கள்.

சரி, எலும்பு எப்படித் தப்புகிறது? இரண்டு முனைகளில் மட்டும் தாங்கி நிற்கும் பாளத்தை நடுவில் அடித்தால் அது வளைகிறது. அடிப்பக்கம் இழுபடுகிறது. இழுபடுவதைக் கான்கிரீட் தாங்காது, விரிசல் கீழிருந்து மேலே ஓடுகிறது. எலும்பு கான்கிரீட்டைவிடப் பல மடங்கு வலுவானது. போதாததற்கு தோலும் தசையும் தசைநார்களும் அடியைப் பகிர்ந்துகொள்கின்றன.

செட்டப் என்று சொல்பவர்களும் முழுக்கத் தப்பில்லை. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே பிளக்கும்படி பலகையை வைப்பார்கள், நன்றாகக் காயவைப்பார்கள். பாளங்களுக்கு நடுவே சின்னக் கட்டைகள் செருகி இடைவெளி விட்டால், உடைந்த மேல்பாளமே கீழே இருப்பதையும் உடைக்க உதவும். இடைவெளி இல்லாத அடுக்கு வேறு கதை.

ஆபத்து எங்கே?

பாளம் உடைந்தால்தான் கை பிழைக்கும். உடையாவிட்டால் கை சட்டென்று நின்று, மொத்த அடியும் அதற்கே திரும்பி வருகிறது. கடைசி நொடியில் பயந்து வேகத்தைக் குறைப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கும். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்பு முறிவது சகஜம். குழந்தைகளின் எலும்பு முனைகள் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால், அங்கே அடிபட்டால் வளர்ச்சியே பாதிக்கலாம். பள்ளி ஆண்டு விழா மேடையில் எட்டு வயதுக் குழந்தை ஓடு உடைப்பதற்குக் கைதட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தலையால் உடைப்பது இன்னும் மோசம். மண்டையோடு தாங்கிவிடும்; உள்ளே குலுங்கும் மூளைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

1978-ல் நாசா மெக்நேரைத் தேர்வு செய்தது. 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்கலத்தில் முதல்முறை பறந்தார், சாக்ஸபோனையும் கையோடு எடுத்துப்போய் விண்வெளியில் வாசித்தார். 1986 ஜனவரி 28 அன்று இரண்டாவது பயணம், அதே சேலஞ்சர். முந்தைய இரவு கடும் குளிர். ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் இறுகி, வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்திருந்தது. ஒரு பொருள் எவ்வளவு வளையும், எப்போது தோற்கும் என்று கணக்குப் போட்டவர் பயணித்த கலம், கிளம்பிய 73-வது நொடியில் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். அவருக்கு வயது 35.

புத்தகம் தர மறுத்த அந்த லேக் சிட்டி நூலகக் கட்டடம், இப்போது அவர் பெயரில் நினைவு மையமாக இருக்கிறது.