திண்டிவனத்தில் ஓர் இரவு

தாம்பரத்தில் விழுப்புரம் ரயில் ஏறினால் செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் தாண்டி திண்டிவனம் வரும். அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஞாபகம் வந்துவிடும். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை அறியாதவர் நம்மில் யார்? ஆனால் அதற்கு விதை விழுந்த இடம் திண்டிவனம்தான்.

ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் தகப்பனாரும் மிஷனரி டாக்டர்கள். இவருக்கோ அந்த வாழ்க்கையே பிடிக்கவில்லை. சிறுபிள்ளையாய் இருக்கும்போதே பஞ்சத்தின் கோரத்தைக் கண்ணால் பார்த்தவர். படித்து முடித்து அமெரிக்காவிலேயே தங்கிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1890-ல் தாயார் சுகவீனமானதால் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வந்தார், அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி ஒரு பிராமண வாலிபர் கதவைத் தட்டினார். மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், ஐடா வரவேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பா வருவார் என்றார் ஐடா. அந்நிய ஆண் உள்ளே வரக்கூடாது என்று அவர் திரும்பிப் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் சகோதரர், அதற்குப் பிறகு இன்னொரு இந்து. அதே வேண்டுதல், அதே பதில். ஐடா தூங்கவில்லை. அழுதார், ஜெபித்தார். விடிந்ததும் விசாரித்தால் மூன்று பெண்களும் மரித்துப் போயிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நான் வெட்கப்படுகிறேன். வாலிப வயதில் ஒரு கன்வென்ஷனில் நானும் கண்ணீரோடு கை உயர்த்தினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அந்தப் பாரம் போயே போச்சு. வருஷங்கள் வீணாயின. ஐடாவும் அழுதார்தான். ஆனா அழுததோடு விடவில்லை, யோசித்தார். அப்பா இருக்கிறார், மருந்து இருக்கிறது. அந்தக் கணவன்மாரும் கல்நெஞ்சர்கள் அல்ல, மனைவிக்காக நடுராத்திரியில் ஓடி வந்தவர்கள். இல்லாதது பெண் டாக்டர் ஒன்றுதான். அந்தக் காலையிலேயே பெற்றோரிடம் போய், டாக்டராகப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் எத்தனை வருஷம்! 1899-ல்தான் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூர் வந்த சில மாதங்களிலேயே தகப்பனார் காலமானார். கூட நின்று கற்றுக்கொடுக்க அப்பா இருப்பார் என்று நம்பி வந்தவர் தனியாய் நின்றார். ஆரம்பத்தில் ஜனங்களும் நம்பி வரவில்லை. திரும்பிப்போக நல்ல காரணம் இருந்தது, போகவில்லை.

1902-ல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி எழும்பிற்று. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நடக்குமா என்று பெரிய அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். முதல் வகுப்பில் படித்து முடித்த 14 பேரும் தேறினார்கள். அம்மையார் 1960 மே மாதம் கொடைக்கானலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த மூன்று பெண்களின் பெயரை மட்டும் நான் படித்த எதிலும் காணோம்.

வேலூரில் சிகிச்சையில் இருக்கிற நம் சபையாருக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் விசேஷமாய் ஜெபிப்போம். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னதாக வரவும்.