தாடியஸ் ஸ்டீவன்ஸ்: சமநீதிக்கு வாதாடிய வழக்கறிஞர்

அமெரிக்க நாட்டில் அடிமை முறை ஒழிந்த வரலாற்றைப் பேசுவோர் ஆபிரகாம் லிங்கனை முதற்கண் நினைவுகூர்வர். அவர் காலத்தில் வாழ்ந்து, சட்டத்தின்முன் எல்லா மாந்தரும் நிகர் என்னும் கொள்கையில் அவரினும் முன்னே சென்ற மற்றொரு வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ் ஆவார்.

இவர் 1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட் மாநிலத்து டான்வில் என்னும் சிற்றூரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தமையால் நடை குறைபட்டது. தந்தை குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். தாய் சாரா அயராது உழைத்து நான்கு புதல்வரையும் வளர்த்தார். உழவுக்கு உடல் இடங்கொடாத இம்மகனைக் கல்வியால் உயர்த்த அவ்வன்னை உறுதி பூண்டார். 1814இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்ற ஸ்டீவன்ஸ், பென்சில்வேனியாவில் ஆசிரியராக இருந்தவாறே சட்டம் பயின்று, 1816இல் கெட்டிஸ்பர்க் நகரில் வழக்கறிஞரானார். பொருள் சேர்ந்தபின் அன்னைக்குப் பண்ணையொன்றை வாங்கி அளித்தார்.

அவர் தொழிலில் புகழ் பெற்று வந்த நாளில் நிகழ்ந்த ஒரு வழக்கு மறைக்கத்தக்கதன்று. வேற்று மாநிலத்து அடிமை ஒருவர் பென்சில்வேனியாவில் தொடர்ந்து ஆறு திங்கள் தங்கினால் விடுதலை பெறுவார் என்பது அம்மாநிலச் சட்டம். மேரிலாந்து மாநிலத்து அடிமைப் பெண் சாரிட்டி பட்லர் இச்சட்டத்தின்படி விடுதலை கோரினார். ஸ்டீவன்ஸோ உடைமையாளர் பக்கம் நின்று, அப்பெண் தங்கிய நாள்கள் தொடர்ச்சியானவை அல்ல என்று வாதிட்டார். 1821இல் நீதிமன்றம் அதனை ஏற்றது. தாயும் குழந்தைகளும் அடிமைத்தளைக்கே திரும்பினர். வாதத்திறன் வென்றது; ஒரு குடும்பம் விடுதலை இழந்தது.

அதன்பின் அவர் வாழ்வு எதிர்த்திசையில் சென்றது. தப்பி வந்த அடிமைகளுக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். 1835இல் இலவசப் பொதுப்பள்ளிச் சட்டத்தை நீக்க மாநிலச் சட்டமன்றம் முனைந்தபோது, ஏழைக் குழந்தைகளின் கல்வியுரிமைக்காக அவர் ஆற்றிய உரை அச்சட்டத்தைக் காத்தது. மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு வெள்ளையர்க்கு மட்டுமே வாக்குரிமை என வரையறுத்தமையால், 1838இல் அதில் கையொப்பமிட மறுத்தார். 1842இல் லங்காஸ்டர் நகரில் குடியேறினார். 1851இல் கிறிஸ்டியானா என்னும் ஊரில் அடிமைகளைப் பிடிக்க வந்தோரை எதிர்த்தமைக்காக முப்பதுக்கும் மேற்பட்டோர்மீது அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேயின் தரப்பு வழக்கறிஞருள் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஹான்வே விடுதலை பெற்றார்; ஏனையோர்மீதான துரோக வழக்குகளும் கைவிடப்பட்டன.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் பிரதிநிதிகள் சபையின் நிதிக்குழுத் தலைவராக விளங்கிப் போருக்கு வேண்டிய பொருளைத் திரட்டினார். 1863இல் தென்னாட்டுப் படையினர் அவருடைய கலிடோனியா இரும்பாலையை எரித்தழித்தனர். அவர் கொள்கை தளரவில்லை. 1865இல் அடிமை முறையை ஒழித்த 13ஆம் திருத்தத்திற்காகவும், அனைவர்க்கும் சட்டத்தின் சமபாதுகாப்பை உறுதிசெய்த 14ஆம் திருத்தத்திற்காகவும் முன்னின்று உழைத்தார். விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வீதம் நிலம் வழங்க அவர் கொணர்ந்த திட்டம் நிறைவேறவில்லை. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்கும் முயற்சியும் 1868இல் ஒரே வாக்கில் தோற்றது. நோயுற்றிருந்த ஸ்டீவன்ஸை அந்நாள்களில் நாற்காலியில் வைத்து அவைக்குச் சுமந்து சென்றனர். கடுஞ்சொல்லால் பகைவர் பலரைத் தேடிக்கொண்டவர் அவர்; ஆயினும் அவர்தம் நேர்மையான உறுதியை மாற்றாரும் அறிந்திருந்தனர்.

14ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்த மறுதிங்களே, 1868 ஆகஸ்டு 11 அன்று அவர் காலமானார். நாடாளுமன்ற மாளிகையில் வைக்கப்பட்ட அவருடலைக் கறுப்பினப் படைவீரர்கள் காவல் காத்தனர்.

தம் இறுதி இடத்தையும் அவர் முன்னரே தெரிந்திருந்தார். இனம் பாராது அனைவரையும் ஏற்கும் சிறிய இடுகாடொன்றையே லங்காஸ்டரில் தேர்ந்தார். பிற இடுகாடுகள் இனத்தால் மாந்தரை விலக்கியமையால், தாம் வாழ்நாளெல்லாம் போற்றிய சமத்துவத்தை மரணத்திலும் காட்டவே அவ்விடத்தைத் தெரிந்ததாக அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆதரவற்ற சிறார்க்கென அவர் விட்டுச்சென்ற பொருள், பின்னர் அந்நகரில் அவர் பெயரால் ஒரு தொழிற்கல்வி நிலையமாக மலர்ந்தது. இனமோ சமயமோ அங்குத் தடையாதல் கூடாது என்பது அவர் விருப்பமுறியின் கட்டளை. எளியோர் பிள்ளைகள் அங்கு இன்றும் கைத்தொழில் பயின்று வருகின்றனர்.