எந்த ஒயர் எங்கே போகுது?
(சார்லஸ் பெல்லின் வாழ்க்கைக் கதை)



எங்க பழவேற்காடு ஏரிப் பக்கம் இறால் தடவுறவங்களைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவுவார்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். தாடைக்குக் கடிக்கிற பலம் தருவதும், பறி நழுவினால் உதட்டுக்கும் பல்லுக்கும் தெரியவைப்பதும் ஒரே நரம்புதான். அதுதான் மூளையின் ஐந்தாம் நரம்பு. நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை என்று மூன்றாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்றும் சொல்வார்கள்.

இதன் வேலையைத் துப்புத் துலக்கியவர்களில் ஒருவர் சார்லஸ் பெல். 1774-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படம் வரையச் சொல்லிக்கொடுத்தது அம்மா. உடற்கூறு சொல்லிக்கொடுத்தது சர்ஜனான அண்ணன் ஜான். உள்ளூர் ஆஸ்பத்திரியில் அண்ணன் தம்பி இருவருக்கும் இடம் கிடைக்காமல் போகவே, 1804-ல் பிழைப்பு தேடி லண்டன் போனார். 1815-ல் வாட்டர்லூ போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸுக்கு ஓடி, காயம்பட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்தார். அவர்களைப் படமாகவும் வரைந்தார்.

அந்தக் காலத்தில் முகத்தில் மின்னல் வெட்டுகிற மாதிரி வலி வந்தால், நரம்பை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. எந்த நரம்பை? அங்கேதான் கோளாறு! சிலர் ஏழாம் நரம்பை வெட்டினார்கள். வலி போகவில்லை, வாய் கோணிப்போனதுதான் மிச்சம். ஃபியூஸ் போன லைனை விட்டுவிட்டு, நல்லா ஓடுற லைனைக் கட் பண்ணின கதை!

பெல்லும் அவருடைய மைத்துனர் ஜான் ஷாவும் கழுதைகளில் சோதித்தார்கள். ஏழாம் நரம்பை வெட்டினால் முகம் அசையவில்லை, ஆனால் உணர்ச்சி இருந்தது. ஐந்தாம் நரம்பின் கிளையை வெட்டினால் உணர்ச்சி போனது. 1821-ல் ராயல் சொசைட்டியில் இதை வெளியிட்டார். வலியைச் சுமப்பது ஐந்தாம் நரம்பு என்பது தெளிவானது.

ஆனால் ஒரு தப்பும் செய்தார். ஐந்தாம் நரம்பின் கிளையை வெட்டிய கழுதை, உதட்டால் ஓட்ஸ் தானியத்தை எடுக்க முடியாமல் தவித்தது. உதட்டின் அசைவு போய்விட்டது என்று பெல் நினைத்தார். அவரிடமே படித்த ஹெர்பர்ட் மேயோ 1822-ல் உண்மையைக் காட்டினார்: உதடு அசையும், தானியம் பட்டதுதான் அதற்குத் தெரியவில்லை! மாணவன் திருத்தியதைப் பெல் பெருந்தன்மையோடு ஏற்றிருக்கலாம். ஆனால் 1824-ல் தன் பழைய கட்டுரையை மறுபடி அச்சிட்டபோது வார்த்தைகளை மாற்றிவிட்டார். அந்தக் கறை இன்றுவரை அவர் பெயரோடு இருக்கிறது.

1831-ல் சர் பட்டம் வந்தது. 1836-ல் பேராசிரியராக எடின்பரோ திரும்பினார். 1842-ல் காலமானார். காத்து அடிச்சு வாய் கோணிப்போச்சு என்று நம்ம ஊரில் சொல்கிறோமே, அந்த ஏழாம் நரம்பு வாதத்துக்கு டாக்டர்கள் பெல்ஸ் பால்ஸி என்றுதான் பெயர் சொல்கிறார்கள்.

டார்வினின் பரிணாமப் புத்தகம் 1859-ல் வந்தது. ஐந்தாம் நரம்பின் பழைய கதையைப் பெல் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. தாடையே இல்லாத லாம்ப்ரே மீனுக்கும் இந்த நரம்பு உண்டு. தாடை உண்டானபோது அதை அசைக்கும் வேலையும் இதற்கே வந்தது. எங்க ஏரிக் கெளுத்தியின் மீசைக்குத் தொடு உணர்ச்சி தருவது இதுதான். சேற்றில் அலகைக் குத்தி இரை தேடும் உள்ளானுக்கும் இதுதான். ஆதிகாலத் தாடை எலும்புகள் இரண்டு, பாலூட்டிகளிடம் காதுக்குள் குடியேறிச் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் ஆகிவிட்டன. சுத்தி எலும்பை இழுக்கும் குட்டித் தசைக்கு இன்றும் ஐந்தாம் நரம்பிலிருந்தே சப்ளை. வீடு மாறியும் பழைய மீட்டரிலிருந்தே கரண்டு!

நண்பர்களே, நாளைக்கு நாமும் பேனலைத் திறப்போம், லைனை வெட்டுவோம். வெட்டும் முன் எந்த ஒயர் எங்கே போகுது என்று பார்ப்போம். தப்பை ஜூனியர் காட்டினால் ரெக்கார்டு நோட்டைத் திருத்தி எழுதாமல், ஆமாம் தப்புதான் என்று ஒப்புக்கொள்வோம். பெல் செய்ததில் முதலாவதை எடுத்துக்கொள்வோம். செய்யாமல் விட்ட இரண்டாவதையும் நாம் செய்வோம்.