பத்மா நதித் தீவில் படித்த பாடம்

காவிரி இரண்டாகப் பிரிந்து சீரங்கப்பட்டணத்தைச் சுற்றி ஓடுவதை மைசூர்வாசிகளான நாம் அடிக்கடி பார்க்கிறோம். கோயிலையும் கோட்டையையும் தாங்கி நிற்கும் உறுதியான தீவு அது. வங்காளத்துப் பத்மா நதியின் தீவுகள் அப்படிப்பட்டவை அல்ல. வெள்ளம் வண்டலைக் குவித்தால் ஒரு மணல் திட்டு தலைதூக்கும். சில ஆண்டுகளில் அதே வெள்ளம் அதை விழுங்கிவிடும். அவ்வூர் மக்கள் அதைச் ‘சர்’ என்பார்கள். திட்டு உள்ளவரை அதில் பயிரிடுவார்கள், குடிசை போட்டுக்கொள்வார்கள். அத்தகைய திட்டுகளின் ஓரத்தில் படகைக் கட்டிக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்தவர் மகாகவி ரவீந்திரநாத் தாகூர்.

அவர் பட்டணத்துப் பிள்ளை. 1861 மே 7ஆம் தேதி கல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். பெரிய குடும்பம், வேலைக்காரர்களின் கையில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒரு வேலைக்காரன் சிறுவனை ஓரிடத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, தாண்டக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போவான். சீதையின் கதையை அறிந்திருந்த சிறுவன் அஞ்சி அங்கேயே உட்கார்ந்து, ஜன்னல் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடமும் அவருக்கு இன்னொரு வட்டமாகவே இருந்தது. பல பள்ளிகள் மாற்றியும் எதிலும் நிலைக்கவில்லை. 1878இல் இங்கிலாந்துக்குப் போய், பட்டம் பெறாமலே திரும்பினார்.

கவிஞராகப் பெயர் எடுத்தபின், குடும்பத்து ஜமீன்களைக் கவனிக்கும் பொறுப்பைத் தந்தை தேவேந்திரநாதர் அவரிடம் ஒப்படைத்தார். ஷிலைதஹா, ஷாஜாத்பூர், பதிசர் ஆகிய அந்த ஊர்கள் இப்போது வங்காள தேசத்தில் உள்ளன. கல்கத்தாவிலிருந்து குஷ்டியா வரை 1862லேயே ரயில் பாதை போட்டாகிவிட்டது. அதற்கப்பால் ஆறும் படகும்தான்.

தொடக்கத்தில் தண்ணீரும் மணலும் பட்டணத்தாருக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் மாலை, மணல் திட்டில் உலாவப் போன அவருடைய மனைவியும் அண்ணன் மகனும் இருட்டியும் திரும்பவில்லை. அடையாளம் சொல்ல ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. லாந்தர் விளக்கோடு ஆட்கள் கூவிக்கொண்டு தேடிய பிறகே அவர்கள் படகு வந்து சேர்ந்தார்கள்.

கணக்குப் புத்தகமும் குடிகளின் மனுக்களும் போக மீதி நேரத்தில் தாகூர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரை முழுவதும் குழந்தைகள். ஷாஜாத்பூரில் ஒரு நாள், கரையில் கிடந்த பாய்மரத்தைச் சிறுவர்கள் கூச்சலிட்டு உருட்டி விளையாடினார்கள். ஒரு சிறுமி வந்து அதன்மேல் அமர்ந்து ஆட்டத்தைத் தடுத்தாள். இந்தக் காட்சியே 1892இல் ‘விடுமுறை’ என்ற சிறுகதையின் தொடக்கமாயிற்று; சிறுமியின் இடத்தில் தம்பி ஒருவன் வந்தான். கதையில் அந்தக் கிராமத்துப் பையன் படிப்புக்காகக் கல்கத்தாவுக்குப் போகிறான். ஊர் திரும்பும் விடுமுறைக்கு ஏங்கி, காய்ச்சலில் இறந்துபோகிறான். தாம் அடைபட்டுக் கிடந்த பட்டணத்துக்கே, கரையில் துள்ளிய பிள்ளையை அனுப்பிப் பார்த்தார் கவிஞர். அங்கே அவன் பிழைக்கவில்லை.

தம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். 1898இல் மனைவி மிருணாளினி தேவியையும் ஐந்து குழந்தைகளையும் ஷிலைதஹாவுக்கே அழைத்து வந்தார். பள்ளிக்கு அனுப்பாமல், ஆற்றங்கரை வீட்டிலேயே பாடம் நடந்தது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த லாரன்ஸ் என்ற வெள்ளைக்காரருக்குப் பட்டுப்பூச்சி வளர்ப்பதில் தீராத மோகம்; பாடத்தோடு பட்டுப்புழுவும் வீட்டில் வளர்ந்தது.

ஆனால் அது ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைத்த பாக்கியம். ஊரார் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும் என்றால் பள்ளியையே மாற்றவேண்டும். 1901 டிசம்பர் 22ஆம் தேதி, போல்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சாந்திநிகேதனத்தில் ஐந்தே மாணவர்களோடு மரத்தடிப் பள்ளியைத் தொடங்கினார். அவர்களில் ஒருவர் மூத்த மகன் ரதீந்திரநாத். பணம் போதவில்லை, மிருணாளினி தேவியின் நகைகள் விலைபோயின.

அடுத்தடுத்து இடிகள் விழுந்தன. 1902 நவம்பரில், முப்பது வயது நிறையுமுன் மனைவி காலமானார். 1903இல் மகள் ரேணுகா போனாள். 1907இல், பதினொரு வயதுகூட நிறையாத கடைசி மகன் சமீந்திரநாத்தைக் காலரா கொண்டுபோயிற்று. தம் பிள்ளைகளுக்காக நினைத்த பள்ளியை, பிள்ளைகளை இழந்தபின் ஊரார் பிள்ளைகளுக்காக நடத்தினார். ஒரு நாளும் அதை மூடவில்லை.

1913இல் நோபல் பரிசு பெற்றார். 1919இல் தென்னாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது பெங்களூருக்கும் நம் மைசூருக்கும் வந்தார். தம் பள்ளியை விசுவபாரதியாக விரிவாக்க அவர் முனைந்திருந்த காலம் அது. அறுபது வயதைக் கடந்தபின் தூரிகை எடுத்து, 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். 1941 ஆகஸ்ட் 7ஆம் தேதி, பிறந்த வீட்டிலேயே மறைந்தார்.

ஷிலைதஹா வீடு இப்போது வங்காள தேசத்தில் நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. சாந்திநிகேதனத்தை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே பிள்ளைகள் இன்றும் மரத்தடியில் தரையில் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறார்கள். அவர்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டி வட்டம் ஏதுமில்லை.