வெள்ளி மாலையும் நாவலர் பெருமானும்

கார்த்திகை மாதத்தில் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகின்றது. ஆனியிலோ இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம். எந்நேரம் விளக்கேற்றுவது என்று அடியார்கள் பலர் எம்மிடம் கேட்கின்றனர். பிள்ளைகளோ, ஏன் ஏற்றுகின்றோம் என்றே கேட்டுவிடுகின்றனர். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்வதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்.

நாவலர் 1822 டிசெம்பர் 18 ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாக அவதரித்தார். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியரானார். பேர்சிவல் பாதிரியார் விவிலிய நூலைத் தமிழாக்கியபோது அவருக்கு உதவினார். பாதிரிமார் தம் சமயத்தைச் சிறுவர்க்கும் விளங்கும்படி போதிப்பதை அருகிருந்து கண்டார். எம்மவரோ பொருள் அறியாமல் திருநீறு பூசுகின்றனர், பொருள் அறியாமல் தேவாரம் ஓதுகின்றனர் என்பது அவர் மனத்தை வருத்தியது.

1847 டிசெம்பர் 31 வெள்ளிக்கிழமை. அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அதன்பின் வெள்ளிக்கிழமை மாலைகளில், வழிபட வந்தவர்களுக்குச் சமய உண்மைகளை எளிய தமிழில் விளக்கி வந்தார். வழிபாட்டு வேளையே கல்வி வேளையும் ஆயிற்று.

1848 இல் மிஷன் உத்தியோகத்தை விட்டு, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது. அவ்வாண்டே சென்னையில் அச்சியந்திரம் வாங்கிவந்து பாலபாடம், சைவ வினாவிடை முதலிய நூல்களை வெளியிடலானார். நித்திய கருமம், விபூதி, பஞ்சாக்கரம் ஆகியவற்றைச் சைவ வினாவிடை கேள்வியும் பதிலுமாக விளக்குகின்றது. 1864 இல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை கண்டார். யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். இல்லறம் புகாது தொண்டிலேயே நின்று, 1879 டிசெம்பர் 5 ஆம் நாள், கார்த்திகை மகத்தில், சிவபதம் அடைந்தார்.

சாதி பற்றி அவர் கொண்டிருந்த கருத்தை இன்று நாம் ஏற்பதற்கில்லை. எம் ஆலய வாசல் எல்லோர்க்கும் ஒன்றே. ஆயினும், விளங்கி வழிபட வேண்டும் என்று அவர் காட்டிய வழியை நாம் கைவிடலாகாது.

அந்தி வேளையில் விளக்கேற்றுவதே முறை. வேலைத்தலத்தில் இருப்போர் வீடு சேர்ந்ததும் கைகால் முகம் கழுவி, திருநீறு அணிந்து, திருவைந்தெழுத்தை ஓதி, ஒரு தேவாரமாவது பாடலாம். தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் போதும். பாடிய பின் அதன் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். தமிழ் விளங்காத பிள்ளையாயின் ஆங்கிலத்திலேனும் சொல்லுங்கள். உங்களுக்கே பொருள் தெரியாவிடில் வெட்கப்படாமல் கேட்டறியுங்கள். பிள்ளையுடன் சேர்ந்தே கற்கலாம். பொருள் தெரியாமல் ஓதும் பிள்ளை, நாளை தன் வீட்டில் விளக்கேற்றுமோ என்பது ஐயமே.

நாவலர் குருபூசை வரும் கார்த்திகை, இந்நகரில் இருள் முந்திவரும் மாதம். இவ்வாண்டு அம்மாதத்திலிருந்தேனும் வீடுதோறும் இதனைத் தொடங்குவோமாக.