சாலையில் கிடந்த ஆணிகளைக் காந்தம் வைத்து எடுத்த பஸ் முதலாளி... யார் இந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்? பட்டாசு லாரிகளுக்கு அவர் கதை சொல்லும் பாடம் என்ன?

தீபாவளி நெருங்கினால் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் சாலைகளில் லாரிகளின் வரிசை நீளும். பட்டாசு ஏற்றிய லாரி வெயிலிலும் மழையிலும் வட மாநிலங்கள் வரை ஓட வேண்டும். டிரைவர் முக்கியம், இன்ஜின் முக்கியம், பிரேக் முக்கியம். ஆனால் தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். அது சூடேறித் தீப்பிடித்தால் மேலே இருப்பது உப்பு மூட்டை இல்லை, வெடிமருந்து.

டயர் நன்றாக இருந்தால்தான் தொழில் ஓடும் என்பதை நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்ட ஒருவர் பக்கத்தில் மதுரையில் இருந்தார். டிவிஎஸ் என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் இருக்கும் டி.வி.சுந்தரம் அய்யங்கார்தான் அவர்.

யார் இவர்?

1877-ம் ஆண்டு மார்ச் 22-ம் தேதி, திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் என்பதன் சுருக்கம்தான் டிவிஎஸ்.

முதலில் வக்கீல் தொழில், பிறகு ரயில்வேயில் வேலை, அதன் பிறகு வங்கியில் வேலை. அந்தக் காலத்தில் இதைவிட பத்திரமான வாழ்க்கை கிடையாது. ஆனால் அவர் அதை விட்டுவிட்டு மோட்டார் வண்டித் தொழிலில் இறங்கினார். 1911-ல் தன் பெயரில் நிறுவனம், 1912-ல் பஸ் சேவை. அப்போது அவருக்கு வயது 35. குடும்பஸ்தர் ஒருவர் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, ஊரில் பாதிப் பேர் பார்த்தே இராத ஒரு வண்டியை நம்பி இறங்கியது சாதாரண முடிவு இல்லை.

அன்றைய சாலை எப்படி இருந்தது?

இன்றைய நான்கு வழிச்சாலையை மறந்துவிடுங்கள். அன்று இருந்தது கப்பி ரோடும் மண் பாதையும்தான். இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரங்கள் அதில் தினமும் தடம் போடும். மழை பெய்தால் கரிசல் மண் களிமண்ணாக ஒட்டும், வெயிலடித்தால் பாறைபோல் இறுகும்.

காற்றடைத்த டயரும் அன்று புதுசுதான். ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வழியை அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். ஸ்காட்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயரை 1888-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து 24 வருஷத்தில் இங்கே பஸ் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் டன்லப் தொழிற்சாலை வங்காளத்தின் சாகாகஞ்சில் வந்ததே 1936-ல்தான். அதுவரை டயர் கப்பலில்தான் வர வேண்டும். ஒரு டயர் போனால் அது பெரிய செலவு.

ஆணிக்கு எதிராக ஒரு காந்தம்

பஸ்ஸுக்குப் பெரிய எதிரி மேடும் பள்ளமும் மட்டும் இல்லை. மாடுகளின் லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணியும்தான். சாலை முழுக்க மாட்டு வண்டி ஓடினால் சாலை முழுக்க ஆணிதான். அடிக்கடி பஞ்சர், அடிக்கடி தாமதம்.

வேறு யாராக இருந்தாலும் சாலையைக் குறை சொல்லியிருப்பார்கள். சுந்தரம் அய்யங்கார் நிறுவனம், காந்தம் பொருத்திய வண்டியை பஸ் தடத்தில் விட்டு ஆணிகளை எடுத்தது. டிவிஎஸ் வரலாற்றைப் பேசுபவர்கள் இன்றைக்கும் மறக்காமல் சொல்லும் விஷயம் இது.

இதன் பலன் நேரத்தில் தெரிந்தது. டிவிஎஸ் பஸ் வருவதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்பது தென் மாவட்டப் பெரியவர்கள் வாயில் இன்றும் இருக்கும் பேச்சு. அந்த நேரந்தவறாமைக்குப் பின்னால் இருந்த ரகசியம் வேகம் இல்லை, வழியில் நிற்காத வண்டி.

போர் வந்தது, ரப்பர் போனது

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. கரியை எரித்து அதிலிருந்து வரும் வாயுவில் இன்ஜினை ஓட்டும் கருவியை, டிவிஎஸ் கேஸ் பிளான்ட் என்ற பெயரில் அவர் தயாரித்தார். பஸ் நிற்கவில்லை.

ரப்பர் கதை இன்னும் மோசம். 1942-ல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் வசம் போயின. உலகத்தின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி விளைந்த பகுதி ஒரேயடியாகக் கைவிட்டுப் போனது. தேய்ந்த டயரைத் தூக்கிப் போடுவது உலகம் முழுக்கவே ஆடம்பரமானது. பழைய டயருக்குப் புது மேல்தோல் போடும் ரீட்ரெடிங் தொழிற்சாலையும் சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழில்களில் ஒன்று.

ரீட்ரெடிங் என்றால் என்ன?

நம்ம ஊர் டயர் கடையில் ரீபட்டன் என்று சொல்வார்கள். டயரின் உள்கூடு நன்றாக இருந்து மேல் ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தால், அந்த மேல்பாகத்தைச் சீராகச் சுரண்டி எடுத்து, புது ரப்பர் பட்டையை ஒட்டி, சூடும் அழுத்தமும் கொடுத்து வேகவைப்பார்கள். உள்கூடு சேதமாகியிருந்தால் என்ன ஒட்டினாலும் பயன் இல்லை. மொட்டையாகும் வரை ஓட்டிவிட்டு ரீபட்டனுக்குக் கொண்டுபோவது தவறு என்று டயர்க்காரர்கள் சொல்வது இதனால்தான்.

குடும்பத்தில் ஒரு சோதனை

அவருடைய மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். விதவைகளை மூலையில் உட்காரவைத்த காலம் அது. அவர் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்து டாக்டரானார். காந்தியின் ஆசியோடு 1940-ல் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். ஆசாரமான ஒரு குடும்பத்துக்கு இது எளிதாக இருந்திருக்காது. 1947-ல் இந்தத் தம்பதி திண்டுக்கல் பக்கம் தொடங்கியதுதான் காந்திகிராமம்.

1955 ஏப்ரல் 28-ம் தேதி கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். 1970-களின் தொடக்கத்தில் தனியார் பஸ்கள் அரசுடைமையாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. அவர் பெயர் தாங்கிய டிவிஎஸ் ஸ்ரீசக்ரா நிறுவனம் மதுரை அருகே வெள்ளரிப்பட்டியில் டயர் தயாரிக்கிறது. பைக் டயரோடு, வயல், கட்டுமானத் தளம் போன்ற கரடுமுரடான இடங்களில் ஓடும் வண்டிகளுக்கான டயரும் அதில் அடக்கம்.

இன்றைய லாரிக்கு என்ன பிரச்சினை?

அன்று பிரச்சினை ஆணி. இன்று வேகம்.

பட்டாசு ஆலைகளுக்குப் போகும் பாதை பல இடங்களில் இன்னும் சரளை மண்தான். அதற்காகச் சிலர் பெரிய பெரிய பட்டன் வைத்த டயரைப் போடுகிறார்கள். மண்ணில் நல்ல பிடிப்பு கிடைக்கும். ஆனால் அதே டயர் தார்ச் சாலையில் நாள் முழுக்க ஓடும்போது, ஒவ்வொரு பட்டனும் நெளிந்து நிமிர்ந்து சூடாகும், ஒரு பக்கமாகத் தேயும். இடையில் கல்லும் சேறும் சிக்கினால் பேலன்ஸும் கெடும்.

பேலன்ஸ் கெடுவது என்றால் என்ன? டயரில் ஒரு இடம் மட்டும் கனமாக இருப்பது, அவ்வளவுதான். அரை மீட்டர் ஆரமுள்ள லாரி டயரின் விளிம்பில் 200 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் அது சுமார் 5 கிலோ எடையைப்போல் சக்கரத்தை இழுக்கும். வேகம் 80 ஆனால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு... சுமார் 20 கிலோ. அதுவும் நொடிக்கு 7 தடவை! ஸ்டீயரிங் நடுங்கும், பேரிங் கெடும், டயர் திட்டுத்திட்டாகத் தேயும். கப்பி ரோட்டில் மெதுவாக ஓடிய காலத்தில் பெரிதாகத் தெரியாத குறை, நான்கு வழிச்சாலையில் டயரையே தின்றுவிடும்.

கிளம்பும் முன் என்ன பார்க்கணும்?

* காற்று: டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் அதிகமாக மடிந்து சூடேறும்.

* பின்பக்க ஜோடி டயர்: உள்பக்க டயர் பஞ்சரானால் டிரைவருக்குச் சட்டென்று தெரியாது. காற்றிழந்த டயர் பக்கத்து டயரோடு உரசியபடியே ஓடிச் சூடாகித் தீப்பிடிக்கலாம். பட்டாசு லோடுக்கு இதைவிட ஆபத்து வேறில்லை. வண்டி நிற்கும் இடமெல்லாம் இறங்கி ஒருமுறை பாருங்கள்.

* பட்டன் ஆழம்: 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயரோடு சாலையில் ஓட்டக் கூடாது.

* ரீபட்டன் டயர்: முன் சக்கரத்தில் வேண்டாம். பின்னால் போட்டாலும் பேலன்ஸ் பார்த்துப் போடுங்கள்.

* நடுக்கம்: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் பேலன்ஸைச் சோதிக்கணும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மென்ட், டயர் காற்று, பிரேக் மூன்றையும் பார்க்கணும்.

எல்லாம் சேர்ந்து சில நிமிஷ வேலை. சாலை சரியாகும் வரை சுந்தரம் அய்யங்கார் காத்திருக்கவில்லை, ஆணியை எடுத்துவிட்டு பஸ்ஸை விட்டார். தீபாவளி லோடோடு கிளம்பும் லாரிக்கும் அதே வழிதான்: முதலில் டயர், அப்புறம் சாவி.