நிலவில் நிலைத்த பெயர்

மாமல்லபுரத்துக் கடலிலிருந்து முழுநிலவு எழும் காட்சி எழில் மிக்கது. ஆங்குள்ள பல்லவர் காலத்துச் சிற்பங்களை உப்புக் காற்றும் அலையும் சிறிது சிறிதாகத் தேய்த்து வருகின்றன. நிலவிலோ காற்றும் இல்லை, மழையும் இல்லை. நொடிக்குப் பல கிலோமீட்டர் விரைவில் வந்து மோதிய வால்மீன்களும் விண்கற்களும் பாறையை நொறுக்கி உண்டாக்கிய வட்டக் குழிகள், கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கே மறையாமல் நிற்கின்றன. அக்குழிகளுள் ஒன்று, சென்னையில் வாழ்ந்து மறைந்த அறிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவரே நார்மன் போக்சன்.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் 1829-ஆம் ஆண்டு பிறந்த போக்சன், 1861-இல் நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஏற்றார். வந்த ஆண்டிலேயே ஒரு சிறுகோளைக் கண்டு, அதற்கு ஆசியா எனப் பெயரிட்டார். விண்மீன்களின் ஒளியை அளக்க அவர் 1856-இல் வகுத்த அளவுமுறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

1872-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் இரவு, ஐரோப்பிய வானில் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தன. முன்பு இரண்டாகப் பிளந்து, 1852-க்குப் பின் காணாமற்போன பீலா வால்மீனின் சிதறல்களே அவை. காற்று மண்டலம் கவசமாக நின்று அவற்றை எரித்தமையால், புவியில் வடு ஏதும் விழவில்லை. அவ்வால்மீனே புவியைத் தொட்டுச் சென்றது எனக் கருதிய செருமானிய அறிஞர் கிளிங்கர்பூசு, அதனைத் தென்வானில் தேடுமாறு போக்சனுக்குத் தந்தி அடித்தார்.

சென்னை, செங்கற்பட்டுப் பகுதிகளில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். வானம் மூடிக் கிடந்தது. போக்சன் சலியாது காத்திருந்தார். டிசம்பர்த் தொடக்கத்தில் மேகம் விலகிய இரு விடியற்காலைகளில், தந்தி சுட்டிய பகுதிக்கு அருகே ஒரு வால்மீனைக் கண்டார். பின்னர் மேகம் மீண்டும் கவிந்தது. வால்மீனின் பாதையைக் கணிக்க மூன்று முறையேனும் அதன் இடத்தைக் குறித்தல் வேண்டும். அவருக்கு வாய்த்தவை இரண்டே. அது பீலா வால்மீன் அன்று, வேறொன்று என்று பிற்காலத்தார் தெளிந்தனர். எனினும் அது போக்சன் வால்மீன் என்றே வழங்கலாயிற்று.

முப்பது ஆண்டுகள் சென்னையிலேயே பணியாற்றிய போக்சன், 1891-இல் இங்கேயே உயிர் நீத்தார். அவர் பெயர் பெற்ற குழி, நிலவில் நம் கண்ணுக்குப் புலப்படாத மறுபுறத்தே உள்ளது. கடற்கரை மணலில் பதித்த அடிச்சுவட்டை அடுத்த அலை அழித்துவிடும். சலியாது உழைத்தவர் பெயரோ காலம் கடந்தும் நிற்கும்.